இருபத்திரண்டு தடவை வெட்டிய வரி

மூன்று வருடங்களுக்கு முன்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகத்தில் நடந்தது இது. முப்பது வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டில் சும்மா இருந்தால் எனக்குத் தலை இடிக்கும். அதனால் வெள்ளவத்தையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் அங்கே பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கலியாணக் கார்ட்டோ கோயில் நோட்டீஸோ, எது வந்தாலும் சிவப்புப் பேனையோடு பாய்வேன். டைப் பண்ணும் பிள்ளைகளுக்கு என் வாய் என்றால் பயம்.

ஒரு நாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையால் எழுதி நிரப்பிய ஐந்து கொப்பிகளோடு வந்தார். பாடசாலை வான் ஓட்டுபவர். நாவல் எழுதியிருக்கிறாராம்! மகளுக்கு அடுத்த ஞாயிறு இருபத்தோராவது பிறந்தநாள். இருபத்தொன்று என்றால் பெரிய சாவி ஒன்று செய்து பிள்ளையின் கையில் கொடுப்பது கொழும்பு வழக்கம். இவர் சாவிக்குப் பதிலாகப் புத்தகம் கொடுக்கப் போகிறார். மகளுக்குத் தெரியாமல் செய்கிறார்.

வாசித்தேன். ஐயோ கடவுளே! முதல் அத்தியாயத்தில் பேய், இரண்டாவதில் பொலிஸ், பிறகு கடற்கொள்ளைக்காரர். நடுவில் கதாநாயகனான தகப்பன் தன் வானை ஓட்டிக்கொண்டு சந்திரனுக்கே போகிறான். இது பேய்க் கதையா, துப்பறியும் கதையா, விஞ்ஞானமா என்று எனக்கே பிடிபடவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், கொப்பியைக் கீழே வைக்க முடியவில்லை. கொள்ளைக்காரர் கப்பலில் தகப்பன் கயிற்றைப் பிடித்து ஏறும் இடத்தைப் பஸ்ஸில் வாசித்து, இறங்க வேண்டிய ஹோல்ட்டைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஒரு விஷயம்தான் எரிச்சல். இருபத்து மூன்று அத்தியாயத்திலும் யாரோ மகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், தகப்பன் போய் மீட்கிறான். ஒவ்வொன்றும் ஒரே வரியில் முடிகிறது: “அப்பா மகளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.” நான் விடுவேனா? கடைசி அத்தியாயத்தில் மட்டும் அந்த வரியை விட்டுவிட்டு, மற்ற இருபத்திரண்டையும் வெட்டினேன். அதுவும் அவருடைய கொப்பியிலேயே. பழைய வாத்தியார்ப் பழக்கம். ஓரத்தில் “மீண்டும் மீண்டும் ஒரே வரி, தவிர்க்கவும்” என்றும் எழுதிவைத்தேன்.

வியாழக்கிழமை அவர் வந்து, டைப் பண்ணிய பக்கங்களைப் புரட்டினார். கதையை வாசிக்கவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவை மட்டும் தேடித் தேடிப் பார்த்தார்.

“டீச்சர், கடைசில ஒரு வரி இருந்திச்சே, அதக் காணோமே?”

“ஒவ்வொரு முறையும் பிள்ளையைத் துலைச்சுப்போட்டுத் தேடுறார். இப்பிடிக் கவனமில்லாத தகப்பன் என்ன வீரன், தம்பி?” என்றேன். நல்ல பகிடி விட்டதாக எனக்கு நினைப்பு.

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் சிரித்தார்.

“மகளுக்கு சின்னதுல இருந்தே தலசீமியா, டீச்சர். மாசா மாசம் ரத்தம் ஏத்தணும். ஊசியக் கண்டா ஆஸ்பத்திரி வாட்டே அதிர்ற மாதிரி கத்துவா. கதை சொன்னாத்தான் கைய நீட்டுவா. ஒரு மாசம் பேய்க் கதை கேப்பா, அடுத்த மாசம் ரொக்கெட் வேணும்பா. எந்தக் கதையா இருந்தாலும், ‘கடைசில வீட்டுக்குப் போயிடுவாளா அப்பா’ன்னு கேப்பா. அந்த வரியச் சொன்னப்புறம்தான் குத்த விடுவா. ஸ்கூல் விடுற வரைக்கும் வான்ல காத்துக்கிட்டு இருக்கும்போது எழுதி வச்சது இதெல்லாம்.”

என் முகம் எரிந்தது. அவரோ, “பரவால்ல டீச்சர், நீங்க படிச்ச ஆளு, சரியாத்தான் செஞ்சிருப்பீங்க” என்றார். அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

வெள்ளியும் சனியும் வேறு வேலை தொடவில்லை. டைப் பண்ணும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து இருபத்திரண்டு இடத்திலும் அந்த வரியை ஏற்ற வைத்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை சரிபார்த்தேன். ஞாயிறு காலை, பசை சரியாகக் காயாத புத்தகங்களை ஓட்டோவில் ஏற்றி பிறந்தநாள் நடக்கும் ஹோலுக்கு நானே கொண்டுபோனேன். கொப்பியில் பட்ட சிவப்பு மையைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மகள் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் என்ன செய்தாள் தெரியுமா? தகப்பனைப் போலவே, அத்தியாயங்களின் முடிவை முதலில் பார்த்தாள். எல்லாம் பார்த்து முடித்து, தகப்பனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரம் தகப்பனின் கொப்பி ஒன்றோடு என்னிடம் வந்தாள்.

“இந்த சிவப்புப் பேனா நீங்கதானா டீச்சர்?”

ஒளிய இடமில்லை. தலையாட்டினேன்.

“சரியாத்தான் எழுதியிருக்கீங்க. மீண்டும் மீண்டும்தான்” என்று சிரித்தாள். “எத்தனை தடவை போனாலும் அப்பா என்னைக் கூட்டிட்டு வந்துட்டாரே. வர்ற புதன்கிழமையும் ரத்தம் ஏத்தப் போகணும், டீச்சர்.”

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவள்தான் எனக்கு டிஷூ எடுத்துத் தந்தாள்.

போர்க்களத்தில் யானையை எதிர்த்து நிற்பதுதான் வீரம் என்று முப்பது வருடம் வகுப்பில் படிப்பித்தவள் நான்; உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே மாதா மாதம் அதே வாட்டுக்குள் சிரித்த முகத்தோடு நுழைகிற அந்தத் தகப்பனை நினைக்கும்போதெல்லாம், என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும் போல இருக்கிறது.