ஸ்விட்ச் கோளாறு

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் டிராக்டருக்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. ஒரு நாள் சாவியைத் திருப்பியதும் உறுமும். மறுநாள் மூச்சே விடாது. திட்டக்குடியிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் வந்தார்கள். ஒருவர் பேட்டரியை மாற்றினார். இன்னொருவர் இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மாட்டினார். அவர்கள் கை பட்டால் வண்டி சமர்த்தாகக் கிளம்பும். அப்பா ஏறினால்தான் அடம்.

மழை பெய்திருந்தது. ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். "வண்டிய வித்துட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடலாம்" என்று அப்பா சாப்பிடும்போது சொன்னார். அம்மா எழுந்துபோய், கடலூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த தன் தம்பிக்கு போன் செய்தாள்.

மறுநாள் காலையே மாமா வந்துவிட்டார். எதையும் கழற்றவில்லை.

"நீங்களே ஏறி ஸ்டார்ட் பண்ணுங்க மச்சான்" என்றார் அப்பாவிடம்.

அப்பா சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. மாமா ஏறித் திருப்பியதும் உறுமியது.

கிளட்ச்சை அடிவரை மிதித்து அதன் கீழே உள்ள ஸ்விட்ச் அமுங்கினால்தான் அந்த வண்டியில் செல்ஃப் எடுக்கும் என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று நான் பார்த்தது, என் கண்ணுக்கு நேராக இருந்த அப்பாவின் இடது காலை. முந்தின வருஷம் வரப்பில் வழுக்கி விழுந்து அடிபட்ட கால். சுத்தமாக ஆறிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கால் பெடலைப் பாதிவரை அழுத்தி, நடுங்கி, நின்றுவிட்டது.

மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "மாமா, அப்பா முழுசா அமுக்கவே இல்ல."

அவர் ஒரு ஸ்பேனரை என் கையில் திணித்தார். "இதக் கெட்டியா புடிச்சிக்க. பேசுனா கீழ வுட்டுடுவ."

பிறகு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கிளட்ச் கம்பியை முறுக்கினார். பெடலுக்குக் கீழே இருந்த ஸ்விட்சை இடம் மாற்றி வைத்தார். வெளியே வந்து, தெருவுக்கே கேட்கும்படி, "ஸ்விட்ச்சுதான் மச்சான் கோளாறு. கால மெதுவா வச்சாலே போதும் இனிமே" என்றார்.

அப்பா பாதி மிதித்ததும் வண்டி கிளம்பிவிட்டது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள்.

எனக்குத் தாங்கவில்லை. கண்டுபிடித்தது நான், பேர் வாங்கியது மாமா, அதுவும் பொய் சொல்லி. அவர் ஊருக்குக் கிளம்பியபோது வாசலுக்குக்கூடப் போகவில்லை. உழவு முடித்து அப்பா இறங்கியதும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன்.

"ஸ்விட்ச்சு நல்லாதாம்ப்பா இருந்துச்சி. மாமா பொய் சொல்லிட்டாரு."

அப்பா குனிந்து இடது காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "தெரியும்மா" என்றார். "எனக்குத் தெரியும்னு மாமாகிட்ட சொல்லிடாத."

அன்று சாயங்காலம் அவரே மாமாவுக்கு போன் போட்டார். "ஸ்விட்ச்ச கரெக்டா கண்டுபுடிச்சிட்ட மச்சான்! வந்தவன் ஒருத்தனுக்கும் தெரியலியே" என்று மனசாரப் புகழ்ந்தார். பழுதே ஆகாத ஒரு ஸ்விட்சுக்காக இரண்டு பெரியவர்கள் ஏன் இப்படி மாற்றி மாற்றிப் பொய் சொல்லிக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.