ஒரே மருந்து, வேறு கம்பெனி

மருந்துக்கடையில் நான் நாள் முழுக்கச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "ரெண்டும் ஒரே மருந்துதான், கம்பெனிதான் வேற." சீட்டில் எழுதிய மாத்திரை எங்களிடம் இல்லையென்றால், அதே மருந்து வேறு பெயரில் இருப்பதை எடுத்து நீட்டிவிட்டு இதைச் சொல்வேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பதினாறு வருடமாக இதுதான் வேலை. பி.ஃபார்ம் படித்தவள் என்ற திமிரும் கொஞ்சம் உண்டு. அந்த வாக்கியம் என் வீட்டுக்குள்ளேயே போய் வேலை பார்க்கும் என்று நான் நினைத்ததில்லை.

என் கணவர் இரண்டு தெரு தள்ளி ஒரு மெஸ் நடத்துகிறார். சமைப்பதும் அவர்தான், இலைக்கு இலை நின்று பரிமாறுவதும் அவர்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய வலது கை விரல் நுனிகளில் வெள்ளை விழுந்தது. பிறகு மணிக்கட்டிலும் உதட்டோரத்திலும். வெண்புள்ளி யாருக்கும் ஒட்டாது என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர் கையால் அப்பளம் வைக்கும்போது மட்டும் சிலர் "எனக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்றார்கள். கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசும்போது அவர் விரலிலும் பூசிக்கொள்வார், தோலுக்கு நல்லதாம். நான் தடுக்கவில்லை. மண்ணால் யாருக்கும் வாந்தி வராது.

திருநெல்வேலியில் தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார், ஒளி சிகிச்சைக்கு வரச் சொன்னார், பொறுமை வேண்டும் என்றார். பேச்சுவாக்கில், தோலுக்கு அடியில் வைக்கும் அஃபாமெலனோடைட் என்ற மருந்தை ஒளி சிகிச்சையோடு சேர்த்து வெளிநாட்டில் ஆராய்கிறார்கள் என்றும், அது இங்கே கிடைக்காது என்றும் சொன்னார். வெளியே வந்ததும் நான் அதை மறந்துவிட்டேன். என் கணவர் மறக்கவில்லை.

ஆனி மாதக் காற்று அடிக்க ஆரம்பித்த சமயம் அவருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போனது. காலையில் குமட்டல், வாந்தி, திடீர் திடீரென்று முகம் சிவந்து போவது. தான் வைத்த சாம்பாரைத் தானே தொடவில்லை. பித்தம் என்றார். நானும் நம்பி வாந்தி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். மெஸ்ஸுக்கு வருபவர்கள், "என்ன அண்ணாச்சி, வெயில்ல அலையுதீகளா? கறுத்துட்டீகளே" என்று கேட்டார்கள். எனக்கோ விரல் வெள்ளை முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. களிம்பு ஒழுங்காகப் போடுவதில்லை என்று திட்டினேன்.

புளியங்குடியிலிருந்து வந்த எலுமிச்சம்பழத்தை ஃபிரிட்ஜில் வைக்க இடம் ஒதுக்கியபோதுதான் முட்டைத் தட்டுக்குப் பின்னால் அந்தச் சின்னக் குப்பி அகப்பட்டது. மெலனோடான்-2 என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல என்று இருந்தது.

"இது என்னது?"

"மருந்துதான்."

"என்ன மருந்துன்னு கேக்கேன்."

"டாக்டர் சொன்னாருல்லா, அதான். அது இங்க கெடைக்காதுன்னாரு. நெட்டுல தேடுனேன், இது கெடைச்சுது. நீதான தெனமும் சொல்லுத, ஒரே மருந்துதான், கம்பெனிதான் வேறன்னு."

அவருடைய அம்மாவுக்குப் பல வருடம் இன்சுலின் போட்டவர். ஊசி என்றால் அவருக்குப் பயமே கிடையாது. இரண்டு வாரமாகத் தனக்குத்தானே போட்டுக்கொண்டிருக்கிறார். கோபம் வந்தால் எனக்குக் கத்த வராது. கட்டம் போட்டு எழுத ஆரம்பித்துவிடுவேன். மறுநாள் மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில், முடிந்த மாதத்தின் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன்.

நம் உடம்பே சுரக்கும் ஒரு பெப்டைடு இருக்கிறது. பதிமூன்று அமினோ அமிலங்கள் கோத்த சரம். தோலில் நிறம் உண்டாக்கும் செல்களுக்குப் போய் நிறத்தைக் கூட்டச் சொல்வது அது. அது போய் உட்காரும் இடங்களுக்கு மெலனோகார்ட்டின் ஏற்பிகள் என்று பெயர். மொத்தம் ஐந்து வகை. முதலாவது தோலில் இருக்கிறது. மூன்றாவதும் நான்காவதும் மூளையில் உட்கார்ந்து பசியையும் ஆசையையும் பார்த்துக்கொள்கின்றன. டாக்டர் சொன்ன அஃபாமெலனோடைட்டும் அதே பதிமூன்றுதான். இரண்டை மட்டும் மாற்றி, உடம்பில் அதிக நேரம் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். வெயில் பட்டாலே வலியில் துடிக்க வைக்கும் ஓர் அபூர்வ நோய்க்கு அதை வெளிநாட்டில் கொடுக்கிறார்கள்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது அந்தச் சரத்தை வெட்டி, ஏழே அமினோ அமிலங்களை வளையமாகக் கட்டியது. அதற்குத் தோல் ஏற்பி மட்டும் போதாது, மூளையில் இருப்பதையும் போய்த் தட்டும். அதனால்தான் குமட்டல், அதனால்தான் பசியின்மை. இதே வளையத்தின் வால் நுனியை மட்டும் மாற்றினால் பிரெமெலனோடைட். பெண்களுக்கு ஆசை குறைந்தால் கொடுப்பது. அப்படியானால் மூல வளையம் ஆண்களை என்ன பாடு படுத்தும் என்பதையும் படித்தேன். அந்த இரண்டு வாரத்தில் நடந்த சில விஷயங்கள் எனக்கு அப்போதுதான் விளங்கின. அதற்கு மேல் எழுதினால் வீட்டில் சண்டை வரும். நான்காவது கட்டத்தில் செட்மெலனோடைட். பிறவியிலேயே பசி அடங்காத சிலருக்கான மருந்து. பசிக்காகப் போட்டாலும் ஆளைக் கறுக்க வைத்துவிடுகிறதாம். நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் ஒருவன் செய்கிற வேலையை இன்னொருவனிடம் கொடுக்க முடியாது.

எழுதிக்கொண்டே வந்தவளுக்குக் கடைசி வரியில் பேனா நின்றுவிட்டது. நாலு மணிக்கு மெஸ்ஸில் இலையெல்லாம் எடுத்த பிறகு, துடைத்த மேசையில் தாளை விரித்து வைத்தேன்.

"இந்த மருந்து நெறம் உண்டாக்குற செல்லுக்குத்தான் ஆர்டர் போடும். உங்க விரல்ல வெள்ளையா இருக்கிற எடத்துல அந்தச் செல்லே இல்ல. அங்க ஆர்டரக் கேக்க ஆளு கெடையாது."

"அப்ப மத்த எடத்துல?"

"அங்கெல்லாம் இருக்கு. அதான் அங்கெல்லாம் கறுத்திருக்கு. வெள்ள கூடலங்க. சுத்தி இருக்கதுதான் கறுத்திருக்கு. அதனாலதான் அது எடுப்பாத் தெரியுது."

அவர் வலது கையை மேசைமேல் வைத்துப் பார்த்தார். "வெள்ள கூடுதுன்னு நெனச்சுல்லா ரெண்டாவது வாரம் தெனமும் போட்டேன்" என்றார். இந்த ஊசி மச்சத்தையும் கறுக்க வைக்கும் என்று படித்திருந்தேன். அவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். பழைய மச்சங்கள் இரண்டும் கரியாகக் கறுத்திருந்தன.

குப்பியை எடுத்துக்கொண்டு அந்த வாரமே திருநெல்வேலிக்குப் போனோம். டாக்டர் என்னைத்தான் அதிகம் திட்டினார், நியாயம்தான். ஊசியை நிறுத்தினால் கறுப்பு மெல்லக் குறையும், மச்சங்களை மட்டும் மூன்று மாதம் கழித்துக் காட்ட வேண்டும், களிம்பையும் ஒளியையும் விடக்கூடாது என்றார். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் வேர்க்கடலை தின்றார். பசி திரும்பியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் கேட்டேன்.

"நாலு பேரு அப்பளம் வேண்டாம்னு சொன்னதுக்கா இம்புட்டும் பண்ணுனீங்க?"

"அவன் வேண்டாம்னா எனக்கு என்ன? அடுத்த இலைக்கு வைப்பேன்." கடலைத் தோலை ஜன்னல் வழியே ஊதிவிட்டார். "உங்க அண்ணன் வீட்டுல காதுகுத்துக்கு நான் பாயசம் ஊத்திக்கிட்டு வந்தேன். நீ பாதிப் பந்தியில வந்து கரண்டிய என் கையில இருந்து வாங்கிட்ட. நீங்க உக்காருங்க, நான் ஊத்துதேன்னு. அன்னைக்கு ராத்திரிதான் நெட்டுல ஆர்டர் போட்டேன்."

"யாரும் உங்களத் தப்பாப் பாத்துரக் கூடாதுன்னுதான்" என்று ஆரம்பித்தேன். ஊருக்கெல்லாம் ஒட்டாது என்று சொன்ன அதே வாய்தான் இது. கரிவலம்வந்தநல்லூர்க்காரர்கள் இரண்டு பேர் முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னேன்.

"இல்ல. எனக்கு வெக்கமா இருந்துச்சு. எங்க ஆளுக எல்லாரும் உங்க கையையே பாத்தாக. எனக்கு வெக்கமா இருந்துச்சு."

அவர் கையில் மிச்சமிருந்த கடலையில் பாதியை என் உள்ளங்கையில் கொட்டினார்.

"இத அன்னைக்கே சொல்லிருந்தா, நான் வாந்தி எடுத்திருக்க வேண்டாம்லா?" என்றார்.