பயந்தவன் குத்திய ஓட்டு

ஆம்பூர் முனிசிபல் தேர்தலில் ஓட்டுச்சாவடித் திரைக்குப் பின்னால் இருந்தவர்கள் நானும் ரஹீம் பாயும் மட்டும்தான். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பு தெறித்துப் பார்வை போனவர் அவர். ஓட்டுப் போட உதவிக்கு என்னைக் கூட்டி வந்திருந்தார். தேர்தலில் நின்றவர்களில் ஒருவர் எங்கள் ஷாப் மேஸ்திரி. என் வேலை அவர் கையில்.

மேஸ்திரியின் சின்னம் குடை, எதிர்த்து நின்றவருக்குப் பூட்டு. “பூட்டுல குத்துப்பா” என்று பாய் காதோடு சொன்னார்.

முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தேன். மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். குடையில் குத்தினால் பாய்க்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் பூட்டில்தான் குத்தினேன்.

தெருமுனை தாண்டியதும், “உங்களுக்கு எவ்ளோ தோஸ்த் இருக்காங்க பாய். மேஸ்திரிகிட்ட வேலை செய்ற என்னைப் போய் ஏன் கூப்ட்டீங்க?” என்றேன்.

“நீ பயந்தாங்கொள்ளிடா. என் ஓட்டை மாத்திக் குத்திட்டா உனக்குத் தூக்கமே வராது. அதான்” என்று சிரித்தார்.

அதுவரை என் பயத்தைக் கேலி செய்தவர்கள்தான் ஜாஸ்தி. அதை நம்பியவர் அவர் ஒருவர்தான்.