ஓரத்து வண்டு

கெசினே தானே எண்ணிப் பார்க்காத எதையும் நம்பமாட்டாள். கணவன் இறந்த பிறகு வட ஜெர்மனியின் ஹோல்ஸ்டைனில் நாற்பது ஹெக்டேர் எண்ணெய்க் கடுகைப் பதினோரு வருடமாகத் தனியாளாய்க் கட்டிக் காத்ததும் அந்தப் பிடிவாதத்தால்தான்.

ஏப்ரலில் கடுகு மொட்டு விட்டிருந்தது. பக்கத்து வயல்காரன் ஹின்னெர்க், தன் வயலுக்கு மருந்தடித்த கையோடு டிராக்டரில் வந்து, அவள் வயலின் ஓரச் செடி ஒன்றை உலுக்கினான். உள்ளங்கையில் இருபது கறுப்பு வண்டுகள் ஊர்ந்தன.

“பாரு, மொட்டையெல்லாம் தின்னு தீர்த்துடும். ஊரே அடிச்சாச்சு. உனக்கும் அடிச்சு விட்டுடறேன்.”

“வண்டு முதல்ல ஓரத்துலதான்யா இறங்கும். பூட்ஸ்ல சேறு ஒட்டிடும்னு பயமா? உள்ள வா!”

அவனை ஐம்பதடி உள்ளே இழுத்துப் போனாள். பத்துச் செடிகளை ஒவ்வொன்றாக வெள்ளைத் தட்டில் உலுக்கி, அவனையே எண்ண வைத்தாள். மொத்தம் பத்தொன்பது.

“செடிக்கு ரெண்டுகூட இல்ல. பத்து வரட்டும், நானே அடிக்கிறேன். என் புருஷனும் உன்ன மாதிரி ஓரத்துல எண்ணித்தான் வருஷா வருஷம் அடிச்சாரு. இப்ப அந்த மருந்துல வண்டு குளிச்சுட்டுப் போகுது.”

“நாலு நாள்ல பூத்துடுமே! அப்புறம் தேனீ வந்துடும், அடிக்க முடியாது.”

“வண்டு தேடறதே மகரந்தத்தத்தான். பூத்துட்டா அது வெளியவே கிடைக்கும், மொட்ட ஏன் கடிக்கப் போகுது?”

“ஊரே உன்னப் பாத்துச் சிரிக்கும், கெசினே.”

“சிரிக்கட்டும். ஆனா ஓரத்துல நின்னு சிரிக்க வேணாம். உள்ள வந்து எண்ணிட்டுச் சிரிக்கச் சொல்லு.”

தட்டை அவன் கையில் திணித்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.