வள்ளம் முழுதாக அடங்கிய படம்

புது வள்ளத்தைப் படமெடுத்துக் கைப்பேசியின் முகப்புத் திரையில் வைத்தேன். நடுப்பகுதி மட்டும் தெரிந்தது. முனையும் பின்புறமும் வெட்டுப்பட்டிருந்தன. விரல்களால் சுருக்கினால், விட்டவுடன் பழையபடி பெருத்தது. எனக்கு விசர் ஏறியது.

ஊர்காவற்றுறையில் கைப்பேசி திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன்.

"ஏலாது அண்ணை. வள்ளம் நீட்டு, போன் ஒடுக்கம். ஒரு பூப்படத்தைப் போடுங்கோ" என்றார் கடைக்காரர்.

பூவா? நான் என்ன பூவில் ஏறியா கடலுக்குப் போகிறேன்?

எங்கள் ஆட்கள் வள்ளத்தைப் பக்கவாட்டில்தான் படமெடுப்பார்கள்; வள்ளத்தின் பதிவு இலக்கம் அங்கேதான் எழுதியிருக்கும். நானும் அப்படித்தான் எடுத்திருந்தேன். மறுநாள் காலை மச்சான் வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்தபோது, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தேன். வள்ளம் நேரே என்னைப் பார்த்து வந்தது. திரையின் மேலே நேரம் தெரிவதற்குக் கொஞ்சம் வானத்தையும் விட்டு எடுத்தேன். முனையிலிருந்து பின்னால் நின்ற மச்சான் வரை எல்லாம் அடங்கியது!

இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாரத்தோடேயே கடைக்குப் போய்க் காட்டினேன்.

"என்னெண்டு அண்ணை அடக்கினனீங்கள்?"

"ஒடுக்கமான இடத்துக்குள்ளை வள்ளத்தை முனையாலைதான் விடோணும், தம்பி. பக்கப்பாட்டிலை ஆரும் விடுவினமே?"