சுடுதண்ணீர் சுவிட்ச்

பஸ் தரிப்பில் இன்று டீசல் மணத்தது. உடனே நான் வளர்ந்த ஆற்றங்கரைக் கப்பல்துறை நினைவுக்கு வந்துவிட்டது. இப்போது அங்கே கண்ணாடி அடுக்குமாடிகள். அப்பா வேலை செய்த குட்டி இழுவைப் படகு குளிர்காலக் காலைகளில் துறையின் மெல்லிய பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகும்போது, அப்பளம் நொறுங்குவதுபோன்ற சத்தம் எங்கள் சமையலறைவரை கேட்கும். கேட்டுக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. சத்தம் நடுவில் நின்றால், பனிக்கட்டிக்கு அடியில் யாரோ கிடக்கிறார்கள். ஆற்றில் விழுந்தவர்களைத் தூக்கியெடுப்பதும் அந்தப் படகின் வேலைதான்.

"பிள்ளை, சுடுதண்ணி சுவிட்சைப் போடு. அப்பா குளிச்சுப்போட்டுத்தான் உன்னைத் தொடுவார்," என்பார் அம்மா அப்போதெல்லாம், செத்தவீட்டிலிருந்து வருபவருக்குச் செய்வதுபோல.

ஒரு காலை சத்தம் நின்றது. அம்மா சொல்லுமுன் நானே சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் சூடானது, பிறகு ஆறியது. குளிக்க யாரும் வரவில்லை.