ஊழியமும் உழிச்சிலும்

மட்டாஞ்சேரியில் நான் இருந்த அந்த ஒரு வருடத்தை நினைத்தால் முதலில் வருவது சுக்கு வாசனைதான். கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் எனக்கு அறை. பலகைத் தரை. இடுக்கு வழியாகக் காரம் ஏறி வந்து சேலையில், தலையணையில், வேதப்புத்தகத்தின் தாள்களில்கூட உட்கார்ந்துகொள்ளும். காயலில் படகு ஊதும் சத்தம் பகலெல்லாம் அரைத் தூக்கத்தில் கேட்பதுபோலவே கேட்கும். எழுபதுகளின் கடைசி அது. அந்த வருடம் முழுக்க நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேனா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் உண்டு.

லுத்தரன் சபையில் டீக்கனஸ் ஆவதற்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அனுப்பப்பட்டவள் நான். டீக்கனஸ் இல்லத்தில் பயிற்சி முடிந்ததும் ஒரு வருடம் ஏதாவது ஒரு சபையில் வேலை செய்து பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பிரதிஷ்டை, ஆராதனையில் வாக்குக் கொடுத்து ஆயுசு முழுக்க சபை ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பது. அது ஆகிவிட்டால் கல்யாணம் கிடையாது. வெள்ளைச் சேலை, கழுத்தில் சிலுவை, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது, பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி, கடைசிவரை இதுதான். ஊரில் அம்மா அதற்குள் ஒரு வாத்தியாரைப் பார்த்து வைத்திருந்தாள். ஒரு முறை வீட்டுக்கு வந்திருந்தார். சிரித்த முகம், மெதுவான பேச்சு. கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். வருடம் முடிகிறபோது இல்லத்தின் மூத்த அக்கா, அவரும் டீக்கனஸ்தான், வந்து கேட்பார், இருக்கிறாயா, போகிறாயா என்று. என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் சுள்ளிக்கல்லில் வாடகைக்கு எடுத்த ஒரு கூடத்தில் ஞாயிறு ஆராதனை நடக்கும். வருபவர்கள் ஹோட்டல்களிலும் கட்டட வேலையிலும் இருந்த தமிழ்நாட்டுக்காரர்கள். வாரநாட்களில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. என்னைத் தேடி யார் வருவார்கள்? தெருவில் போனால், "எந்த மடத்திலெ சிஸ்டரா?" என்பார்கள். மடமில்லை என்றால், நர்ஸா என்பார்கள். அதுவும் இல்லை என்றால் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துபோவார்கள்.

கிடங்குக்கு எதிரே ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. எந்தக் காலத்திலோ வந்து மிளகு வியாபாரத்தில் ஊறிப்போனவர்கள். சாமி கும்பிடுவதும் சண்டை போடுவதும் தமிழில், எழுதுவது படிப்பதெல்லாம் மலையாளத்தில். மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்த வீட்டம்மா என்னை வழிமறித்தார்.

"மோளே, உனக்கு எந்தாக்கும் ஜோலி?"

"ஊழியம்மா. நான் ஊழியக்காரி."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தெய்வமே, உழிச்சிலுக்காரியா! எம் பொண்ணு பெத்துக் கெடக்கறா. ஏற்பாடாக்கின ஸ்த்ரீ வரல்லே. நாளைக்குக் காலத்தே வந்துடு, கேட்டியா?"

பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுவதற்கு அங்கே உழிச்சில் என்று பெயர். நான் பதறிப்போய், "அது இல்லம்மா, இது சபை ஊழியம்" என்றேன்.

"எந்தச் சபையானா எந்தா? கை நல்ல கையாயிருந்தா மதி."

இல்லத்தில் புண்ணுக்குக் கட்டுப் போடவும் நோயாளியை அசைக்காமல் படுக்கை விரிப்பை மாற்றவும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உழிச்சில் பாடத்தில் இல்லை. ஆனாலும் மறுநாள் காலையில் போய் நின்றேன். யாரோ ஒருவர் என்னை வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டார் என்ற சந்தோஷம், அவ்வளவுதான்.

வீட்டம்மா பக்கத்தில் நின்று, "அப்படியில்லா, மேலேந்து கீழே" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் என்னைவிடச் சின்னவள். இடுப்பு வலி தாங்காமல் முதல் நாள் அழுதாள். போகப் போக என் கைக்கு அடியிலேயே தூங்கிப்போனாள். தைல வாசனையும் இலை போட்டுக் கொதித்த வெந்நீரின் ஆவியுமாக அந்த அறை மங்கிக் கிடக்கும். மழை விட்டதா, மாதம் போனதா, ஒன்றும் தெரியாது. தாய்க்கு முடிந்ததும் குழந்தை. கொல்லைப்புறத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே குழந்தையைக் கிடத்தித் தண்ணீர் ஊற்றுவேன். முதலில் வீறிடும். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கும். திரும்பி மாடி ஏறும்போது கை வெறுமையாக இருப்பது கனத்தது.

மூத்த அக்கா சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வந்து இறங்கினார். அறை பூட்டியிருக்கவே எதிர்வீட்டில் போய், "எங்க ஊழியக்காரிப் பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "நம்ம உழிச்சிலுக்காரியோ? பின்னாலே உண்டு, குட்டியக் குளிப்பிக்கறா. ஒண்ணாந்தரம் கையாக்கும்!" என்று வீட்டம்மா பெருமையோடு கூட்டிவந்து நிறுத்திவிட்டார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் அக்கா. முழங்கால் வரை எண்ணெயோடு நான். குழந்தையைப் போட்டுவிட்டு எழுந்திருக்கவும் முடியாது. அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, குளியல் முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இருவரும் படகுத்துறைப் பக்கம் நடந்தோம்.

"திட்டிடுங்கக்கா."

"எதுக்கு? நான் எங்க ஊர்ல மாட்டுக்கே பிரசவம் பாத்தவ." கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார். "வாத்தியார் இன்னும் காத்துட்டு இருக்காராம். உங்கம்மாவுக்கு என்ன சொல்லட்டும்?"

"வாத்தியாரைப் பத்தி நான் நினைக்கவே இல்லக்கா. ஆனா அந்தப் பிள்ளையக் கால்ல போட்டுத் தண்ணி ஊத்தும்போது, எனக்கும் ஒண்ணு வேணும்னு இருக்கு. இந்த ஆசைய வச்சிக்கிட்டு நான் எப்படிப் பிரதிஷ்டைக்கு நிக்கிறது?"

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்தவர், அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர்.

"எனக்கும் இருக்கு" என்றார்.

"இருந்துச்சாக்கா?"

"இருக்கு."

அங்கேயே நின்று அழுதேன். எனக்காகவா அவருக்காகவா என்று தெரியவில்லை. அவர் என்னைத் தேற்றவில்லை, போ என்றும் இரு என்றும் சொல்லவில்லை. பதில் என்னிடமிருந்துதான் வர வேண்டும் என்று விட்டுவிட்டார். அவர் படகு ஏறுவதற்கு முன், இருக்கிறேன் என்று சொன்னேன்.

பிரதிஷ்டை ஆராதனையில், "மனப்பூர்வமாகத்தான் வருகிறாயா?" என்று போதகர் கேட்டார். ஆம் என்றேன். என் ஆசையும் என் பக்கத்தில் முழங்காலில் நின்றது.